டாக் வாங்கப் புறப்படுமுன்

வீட்டில் நல்ல இசை கேட்க வேண்டும் என்று முடிவெடுத்து, அதற்கென ஒரு தொகையும் சேர்த்துவிட்டவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது டாக்கைப் பற்றித்தான். எந்தச் சிப் போட்டது இனிமை? இருபதாயிரத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் என்ன வேறுபாடு? பணத்தைச் செலவிடும் வரிசையில் இந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது என்பதே இந்த அத்தியாயத்தின் கருத்து. டாக் செய்யும் வேலை, அதாவது எண்களை மின்னலையாக மாற்றுவது, இன்று மிகக் குறைந்த செலவில் மிக நன்றாக நடக்கிறது. உங்கள் பணமும் பொறுமையும் போக வேண்டிய இடங்கள் ஸ்பீக்கர், அது நிற்கும் அறை, நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒலிப்பதிவு ஆகியவை.

டாக் என்ன செய்கிறது

சிடியில் ஒரு நொடி இசை, ஒவ்வொரு சேனலுக்கும் 44,100 எண்களாக எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு எண்ணும் 16 பிட். இந்த எண்களை வாங்கி, அறுபடாத மின்னழுத்த அலையாக மாற்றித் தருவதுதான் டாக். கைபேசி, டிவி, மடிக்கணினி எல்லாவற்றுக்குள்ளும் ஒன்று இருக்கிறது. தனிப்பெட்டியில் வாங்குவதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

44,100 என்ற விந்தையான எண் எங்கிருந்து வந்தது? 1970களின் இறுதியில் இத்தனை எண்களைச் சேமிக்கும் வசதி வீடியோ டேப்புக்குத்தான் இருந்தது. சோனி நிறுவனம் டிஜிட்டல் ஒலியைக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றி வீடியோ ரிக்கார்டரில் பதிந்தது. படத்தின் ஒரு கோட்டுக்கு மூன்று எண்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் ஒரு களத்துக்கு, அதாவது அரைப் படத்துக்கு, 245 கோடுகள், நொடிக்கு 60 களங்கள். ஐரோப்பிய முறையில் 294 கோடுகள், 50 களங்கள். பெருக்கிப் பாருங்கள், இரண்டிலும் 44,100 வரும். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த சிடி விதிகளில் அந்த எண்ணே நிலைத்தது. 1982 அக்டோபர் 1 அன்று சோனியின் சிடிபி-101 ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

டேப்பின் கட்டாயத்தால் வந்த எண் என்றாலும் கணக்கு நம் காதுக்குச் சரியாகவே பொருந்துகிறது. ஓர் அலையை அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கும் மேல் வேகமாக அளந்து எழுதிக்கொண்டால், அந்த அலையை முழுமையாகத் திரும்பப் பெறலாம் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோர் வழியாக நிலைபெற்ற தேற்றம். 44,100இல் பாதி 22,050. இளம் வயதில் மனிதக் காது எட்டும் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு 15,000க்கு மேல் கேட்பதில்லை. விளம்பரங்களில் டிஜிட்டல் ஒலியைப் படிக்கட்டு போல வரைந்து, கூடுதல் விலைக் கருவி அந்தப் படிகளைச் சீராக்கும் என்பார்கள். வழக்கமான டாக்கிலிருந்து வெளியே வரும் மின்னலையில் படி எதுவும் இல்லை. அதன் வடிகட்டி எண்களுக்கு இடையே உள்ள அலையை வளைவு மாறாமல் நிரப்பிவிடுகிறது. இதற்கென்று நீங்கள் தனியாகப் பணம் தர வேண்டியதில்லை.

மின்விசிறிக் கணக்கு

16 பிட் தரும் வீச்சு, அதாவது ஆக மெல்லிய ஒலிக்கும் ஆகப் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளி, சுமார் 96 டெசிபல். 24 பிட் என்றால் கணக்கின்படி 144. இரண்டாவதுதான் வேண்டும் என்று தோன்றும். இப்போது உங்கள் அறையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேளுங்கள். மின்விசிறி, பக்கத்து வீட்டு மோட்டார், தெருவில் போகும் பைக். மின்விசிறி ஓடும் சாதாரண அறையில் பின்னணி இரைச்சல் எளிதாக 40 டெசிபலைத் தொடும். வீட்டில் நாம் வைக்கும் நல்ல சத்தத்தில் மிருதங்கத்தின் ஓங்கிய அடி 95, 100 டெசிபல் வரை போகலாம். இடையில் மிஞ்சுவது 60 டெசிபல். சிடியின் வீச்சுக்கே உங்கள் அறையில் இடம் போதவில்லை. விசிறியை ஒரு புள்ளி குறைப்பதும் சன்னலை மூடுவதும் பாட்டின் மெல்லிய இழைகளை எவ்வளவு வெளியே கொண்டுவரும் என்பதை இன்றிரவே கேட்டுப் பார்க்கலாம், செலவில்லாமல்.

ஹை-ரெஸ் எனப்படும் 24 பிட், 96 அல்லது 192 கிலோஹெர்ட்ஸ் பதிவுகளைப் பற்றிய சோதனைகள் இதோடு ஒத்துப்போகின்றன. 2007இல் மேயரும் மோரனும் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவுகள் இசைத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் சிடி தரத்துக்கு இறக்கும் ஒரு கருவியைப் போட்டும் எடுத்தும் காட்டினார்கள். வழக்கமான சத்தத்தில் கேட்டவர்களால் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 2016இல் ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, சரியாகச் சொன்னவர்களின் விகிதம் 52.3 விழுக்காடாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வரும். பயிற்சி பெற்றவர்கள் இதைவிடக் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. ஆகவே வேறுபாடே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் அது மிகச் சிறியது. ஹை-ரெஸ் இலவசமாகக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கூடுதல் பணம் கேட்டால் யோசியுங்கள்.

ஒப்பிட்டுக் கேட்பதற்கு முன் சத்தத்தைச் சமமாக்குங்கள்

கடையில் நடப்பதைச் சொல்கிறேன். பழைய டாக்கில் ஒரு பாட்டு, புதியதில் அதே பாட்டு. புதியதில் குரல் முன்னே வருகிறது, பாஸ் இறுகியிருக்கிறது, எல்லாமே உயிரோடு இருக்கிறது. பெரும்பாலான நேரம் அதற்குக் காரணம் ஒன்றுதான். சாதாரண டாக்குகளின் வெளியீடு 2 வோல்ட். சில கருவிகள் 2.5 வோல்ட் தருகின்றன. வேறுபாடு 1.9 டெசிபல். காது இதைச் சத்தம் கூடியதாக உணராது, தரம் கூடியதாக உணரும். மனிதக் காது அப்படித்தான் வேலை செய்கிறது, இதில் கேட்பவர் குறை எதுவும் இல்லை.

அதனால் ஒப்பிடும் முன் இரண்டையும் சமமாக்க வேண்டும். 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளவெடுங்கள். மலிவான மீட்டர்கள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அளக்கச் செய்யப்பட்டவை, உயர்ந்த அதிர்வெண்ணில் தவறாகக் காட்டலாம். 100 ஹெர்ட்ஸ் என்பது அதனால்தான். இரண்டாவது கருவிக்கு மாற்றி, அதே வோல்ட் வரும்வரை வால்யூமைத் திருத்துங்கள். ஒரு விழுக்காட்டுக்குள் வந்தால் போதும், அது 0.1 டெசிபலுக்குச் சமம். பிறகு வீட்டில் ஒருவரை மாற்றச் சொல்லி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். கணினியில் கேட்பவர்களுக்கு ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருளில் இரண்டு கோப்புகளை இப்படி மறைத்து ஒப்பிடும் வசதி இருக்கிறது.

தெரியாமல் கேட்பது ஏன் முக்கியம் என்பதை ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994இல் ஸ்பீக்கர்களை வைத்தே காட்டினார்கள். பார்த்துக்கொண்டு கேட்டபோது ஒரு மதிப்பெண், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது வேறு மதிப்பெண். அதே ஆட்கள், அதே ஸ்பீக்கர்கள்.

எல்லா டாக்கும் ஒன்றுபோலவே ஒலிக்கும் என்று நான் சொல்லவில்லை. எண்களுக்கு இடையே கூடுதல் எண்களைக் கணக்கிட்டுச் சேர்க்கும் ஓவர்சாம்ப்ளிங்கைச் செய்யாத வகை டாக், சிடி தரக் கோப்பில் 20,000 ஹெர்ட்ஸ் அருகே ஏறத்தாழ 3 டெசிபல் இறங்கிவிடும். வால்வு போட்ட சில டாக்குகள் திட்டமிட்டே கொஞ்சம் நிறம் சேர்க்கின்றன. அது பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். சரியாகச் செய்யப்பட்ட, நிறம் சேர்க்காத டாக்குகளுக்குள் வேறுபாடு தேடுவதில்தான் பலருடைய ஆண்டுகள் கழிகின்றன. லட்சங்கள் கொடுத்து வாங்கும் டாக்கில் தடித்த அலுமினியக் கூடு, அழகான திரை, தேர்ந்த கைவேலை, பத்து ஆண்டு கழித்தும் பழுது பார்த்துத் தரும் நிறுவனம் எல்லாம் கிடைக்கும். அந்த நிறைவுக்கு விலை தருவது அவரவர் உரிமை. ஒலிக்காகத் தருகிறோம் என்ற எண்ணத்தில் மட்டும் தராதீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை வேறு. உங்களிடம் இருக்கும் டிவிக்கு ஆப்டிகல் வழியும், கணினிக்கு யுஎஸ்பி வழியும் இருக்கிறதா? ஹெட்போனை அதிலேயே மாட்டுவதாக இருந்தால், 300 ஓம் கொண்ட சென்ஹைசர் எச்டி 600 போன்றவற்றுக்குப் போதிய வோல்ட் தருமா? வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவருவதாக இருந்தால் பின்பக்கம் எழுதியிருப்பதைக் கட்டாயம் பாருங்கள். ஜப்பானில் வாங்கியது 100 வோல்ட், அமெரிக்காவில் வாங்கியது 120 வோல்ட் மட்டும் ஏற்பதாக இருக்கலாம். நம் 230 வோல்ட்டில் அதைச் செருகினால் அத்தோடு முடிந்தது.

கோப்பும் ஒலிப்பதிவும்

சுருக்காத சிடி ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட். ஃப்ளாக் என்ற கோப்பு வகை அதை இழப்பின்றிக் கிட்டத்தட்ட பாதியாகச் சுருக்குகிறது, திறக்கும்போது ஒரு பிட்கூடக் குறையாது. இழப்போடு சுருக்கிய 256, 320 கிலோபிட் கோப்புகள் பெரும்பாலான பாட்டுகளில் மூலத்திலிருந்து பிரித்தறிய முடியாதவை. புளூடூத் வசதியானதுதான், ஆனால் உட்கார்ந்து கேட்கும் வீட்டு அமைப்புக்கு ஒயரே நல்லது.

கோப்பின் வகையைவிட, எந்தப் பதிப்பு என்பதற்கே ஒலியில் பெரிய பங்கு. 1990களிலிருந்து ஆல்பங்களைச் சத்தமாக ஒலிக்க வைக்கும் போட்டியில், மெல்லிய பகுதியையும் ஓங்கிய பகுதியையும் ஒரே மட்டத்துக்கு நெருக்கிவிட்டார்கள். மெட்டாலிக்காவின் 2008 ஆல்பமான 'டெத் மேக்னெடிக்' இதற்காக அதன் ரசிகர்களிடமே எதிர்ப்பைச் சந்தித்தது. நம் பழைய திரைப்பாடல்களின் மறுபதிப்புகளிலும் இது நடந்திருக்கிறது. எக்கோ சேர்த்து, பாஸ் ஏற்றி, தபேலாவின் அடி மழுங்கி வருபவை ஏராளம். எண்பதுகளின் எல்பிக்களையும் முதல் சிடிக்களையும் ரசிகர்கள் தேடி அலைவது பழைமை மோகத்தால் மட்டும் அன்று. ஒரே பாட்டின் இரண்டு மூன்று பதிப்புகளைச் சத்தத்தைச் சமமாக்கிக் கேட்டுப் பாருங்கள். எந்த டாக் மாற்றத்திலும் கிடைக்காத வேறுபாடு அங்கே கிடைக்கும்.

அறையே பெரிய கருவி

தமிழ்நாட்டு அடுக்ககங்களில் அதிகம் பார்க்கும் படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, உயரமும் பத்தடி. சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, ஓரத்தில் இரும்பு பீரோ. இசைக்கு இதைவிடக் கடினமான அறை அமைவது அரிது. பன்னிரண்டு அடி நீளத்தில் ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ் ஒலி இரு சுவர்களுக்கும் இடையே சிக்கிக்கொண்டு பெருகும். பத்தடி அகலத்தில் அது 57 ஹெர்ட்ஸ். உயரமும் பத்தடியாக இருப்பதால் அதே 57 இரண்டு திசையிலும் சேர்ந்து ஏறும். அதன் மடங்குகளும் அப்படியே. பாஸ் கிதார் எந்தச் சுரம் வாசித்தாலும் ஒரே 'தும் தும்' என்று கேட்பது இதனால்தான். அறையின் இந்த ஏற்ற இறக்கம் 10 டெசிபலையும் தாண்டுவது சாதாரணம். இரண்டு நல்ல டாக்குகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை டெசிபலின் பின்னங்களில் தேட வேண்டியிருக்கும்.

செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்களும் சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும். உயர்ந்த ஒலிகளைத் தரும் டுவீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். ஷோகேஸுக்குள் ஸ்பீக்கரைத் திணிக்காதீர்கள், மூலையில் ஒட்டி வைக்காதீர்கள். உங்கள் நாற்காலி பின்சுவரில் முட்டிக்கொண்டிருந்தால் பாஸ் வீங்கும். அறையின் நட்டநடுவில் இருந்தால் சில பாஸ் சுரங்கள் காணாமலே போகும். இரண்டுக்கும் இடையில், அரை அடி அரை அடியாக நகர்த்திக் கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்குப் போகலாம். போகட்டும், இந்த நூலில் உள்ள வேறு எந்த யோசனையும் இவ்வளவு பலன் தராது.

அடுத்தது எதிரொலி. கையைத் தட்டிப் பாருங்கள். 'ட்ரிங்' என்று வால் நீண்டால் அறை வெறுமையாக இருக்கிறது என்று பொருள். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் இடையே தரையில் தடித்த கம்பளம், சன்னலுக்குக் கனத்த திரை, பக்கச்சுவரில் புத்தகங்கள் நிறைந்த அலமாரி, கட்டிலில் இலவம்பஞ்சு மெத்தை. இவை குரலையும் வயலினையும் தெளிவாக்கும். பாஸை இவை எட்டாது. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை மீட்டருக்கு அருகில். ஒரு விரல் தடிமனுள்ள துணி அதை ஒன்றும் செய்ய முடியாது.

டிஜிட்டல் தொழில்நுட்பம் நமக்குத் தந்த உண்மையான வரம் இங்கேதான் கைகொடுக்கிறது. அளவு சரிபார்த்த யுஎஸ்பி மைக் ஒன்றை வாங்கி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளால் நீங்கள் உட்காரும் இடத்தில் அளந்தால், அறை எந்த அதிர்வெண்ணில் வீங்குகிறது என்பது கோடாகத் தெரியும். அந்த இடத்தை மட்டும் ஈக்வலைசரில் அதே அளவு வெட்டுங்கள். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இதை இலவசமாகச் செய்யும். அறைத் திருத்தம் உள்ளேயே அமைந்த ஸ்ட்ரீமர்களும் ஆம்ப்ளிஃபயர்களும் வந்துவிட்டன. விலையுயர்ந்த டிஜிட்டல் பெட்டி வாங்கியே தீருவேன் என்பவர்கள் இந்த வசதி உள்ளதை வாங்குங்கள். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே, மேடுகளை மட்டும் வெட்டுங்கள். பள்ளங்களை நிரப்பப் போகாதீர்கள். அங்கே நேர் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழிக்கின்றன. எவ்வளவு சக்தி ஊற்றினாலும் இரண்டும் சேர்ந்தே கூடும், பள்ளம் அப்படியே இருக்கும், ஆம்ப்ளிஃபயர்தான் திணறும்.

ஆம்ப்ளிஃபயரில் இந்த அளவு அறைக்கு ஒரு சேனலுக்கு 50 வாட் தாராளம். 87 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள இரண்டு ஸ்பீக்கர்கள் அந்தச் சக்தியில் இரண்டரை மீட்டர் தொலைவிலும் 100 டெசிபலை எட்டிவிடும். ஸ்பீக்கர் ஒயருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். ஐந்து மீட்டர் தொலைவுக்குப் போய்த் திரும்பும் பத்து மீட்டரின் தடை 0.08 ஓம் அளவு, 8 ஓம் ஸ்பீக்கரில் ஒரு விழுக்காடு. சென்னை ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் வாங்கலாம். உறுமல் ஒலி கேட்டால் ஒயரின் விலையைக் குறை சொல்லாமல், கருவிகள் எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுத்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எதைக் கேட்டுச் சோதிப்பது

கச்சேரிப் பதிவுகளே எனக்குப் பிடித்த அளவுகோல். தம்புராவில் தொடங்குங்கள். குதிரையின் மேல் கம்பிக்கடியில் செருகிய நூலால் எழும் அந்த ரீங்காரம், ஒவ்வொரு மீட்டுக்கும் மெல்ல விரிந்து அடங்க வேண்டும். வெறும் இரைச்சலாகக் கேட்டால் டிரெபிளில் கோளாறு. அடுத்தது மிருதங்கம். அதன் இடப்பக்கமான தொப்பியில் கும்கி விழும்போது சுரம் வளைந்து ஏறுவது தெளிவாகக் கேட்க வேண்டும். எல்லாக் கும்கியும் ஒரே உயரத்தில் 'தும்' என்றால் கோளாறு அறையில் இருக்கிறது, நாற்காலியை நகர்த்துங்கள். வலப்பக்கமான வலந்தலையின் சாப்பு கூர்மையாக வந்து உடனே நிற்க வேண்டும். இழுத்துக்கொண்டு நின்றால் கம்பளம் போதவில்லை.

நரம்பிசைக்கு இளையராஜாவின் 1986 ஆல்பமான 'ஹவ் டு நேம் இட்?' நல்ல துணை. அதில் வி.எஸ். நரசிம்மனின் தனி வயலின், பின்னால் இருக்கும் வயலின் கூட்டத்திலிருந்து பிரிந்து தன் இடத்தில் நிற்க வேண்டும். ஆழமான பாஸுக்கும் ஒலிகளின் இடைவெளிக்கும் ஏ.ஆர். ரகுமானின் 'ரோஜா' (1992). நீங்கள் ஆயிரம் முறை கேட்ட பாட்டையே சோதனைக்கும் எடுங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் பதிவு எந்தப் பெட்டியிலும் நன்றாகத்தான் இருக்கும், அதற்காகவே தேர்ந்தெடுத்தது அது.

சோதனை முடிந்ததும் மைக்கையும் மீட்டரையும் உள்ளே வைத்துவிடுங்கள். விளக்கைத் தணித்து, கைபேசியை வேறு அறையில் வைத்து, ஒரு ராக ஆலாபனையை முதலிலிருந்து கடைசிவரை நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். பாடகர் மேல் ஷட்ஜத்தைத் தொடாமல் அதைச் சுற்றியே வந்து, கடைசியில் தொடும்போது உடம்பு சிலிர்க்கிறதா? கருவிகள் சரியாக அமைந்துவிட்டன. அதற்குமேல் வாங்க வேண்டியது பாட்டுகளைத்தான்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சத்தம் குறைந்தால் காதுக்கு முதலில் குறைவது பாஸ். ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933லேயே இதை அளந்து காட்டினார்கள். அதனால்தான் கை தானாக வால்யூமை ஏற்றப் போகிறது. இரவில் மெல்லக் கேட்பவர்கள் வால்யூமுக்குப் பதில் பாஸை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றிக்கொள்ளலாம். ஹெட்போனில் கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் ஏறும் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் பாதியாகிறது. கேட்டு முடித்தபின் காதில் ரீங்காரம் எழுந்தால் அன்றைய சத்தம் அதிகம் என்று அறியுங்கள். அது ஓரிரு நாளில் அடங்காவிட்டாலோ, திடீரென ஒரு காது மந்தமானாலோ, தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.